கிளவி

என் தம்பி பிழை திருத்துபவன். பதிப்பகத்தில் உட்கார்ந்து, ஊரார் எழுதியதில் விட்டுப்போன ஒற்றையும் கெட்டுப்போன சந்தியையும் சிவப்பு மையால் குத்துவதுதான் அவன் பிழைப்பு. எழுத்தில் அவனை அசைக்க முடியாது. ஆனால், என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், "பிளை திருத்துறேன்" என்பான். அவன் வாயில் ழ நுழையாது. சிறு வயதில் அவனைச் சுவரோரம் நிறுத்தி, "வாழைப்பழம் சொல்லுடா" என்று மிரட்டுவேன். "வாளப்பளம்" என்று சொல்லிவிட்டு, "இப்ப சரியா சொன்னேனாக்கா?" என்று என் முகத்தையே பார்ப்பான். "தப்பு. மறுபடி சொல்லு" என்பேன். இன்றைக்கு நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறேன் என்றால், அதற்கான பயிற்சி அந்தச் சுவரோரமே முடிந்துவிட்டது.

போன வருடம் அவன் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. குரல்வளையோடு எடுத்தால் ஆள் பிழைப்பார் என்றார்கள். எடுத்தார்கள், ஆளும் பிழைத்தான். கழுத்தில் ஒரு சிறு துளையும் கையில் ஒரு வெள்ளைப் பலகையுமாக வீட்டுக்கு வந்தான். பலகையில்கூட முற்றுப்புள்ளி வைத்துத்தான் எழுதுவான். "காபி வேண்டும்." "மின்விசிறியைக் குறை." "அக்கா, கத்தாதே."

இதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிவிட்டான். தாங்க முடியாமல் போனது மகள் விஷயம். அவள் வெளியூரில் கட்டடக்கலை படிக்கிறாள், கடைசி வருடம். பேச ஆரம்பித்த வயதிலேயே வீட்டில் யார் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நியாயம் சொல்வாள். அதனால் அப்பன் வைத்த செல்லப் பெயர் கிழவி. அவன் கூப்பிட்டால் அது "கிளவி". நான் சிரித்தால் பண்டிதர் மாதிரி விளக்கம் வேறு கொடுப்பான். "பளைய தமிள்ல கிளவின்னா சொல்னு அர்த்தம்க்கா. அகராதியப் புரட்டிப் பாரு." விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற ரகம்.

ஞாயிறு மாலைதோறும் அவள் போன் செய்வாள். அறுவைக்குப் பிறகு அவன் போனைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பான், அவ்வளவுதான். பதில் எழுதி அனுப்பவும் மனம் வரவில்லை. பிள்ளை ஏங்குகிறதே என்று தம்பி மனைவி ஒரு காரியம் செய்தாள். அவள் கணக்கு டீச்சர். எண்ணில் புலி, எழுத்தில் எலி. கணவன் போனிலிருந்து அவனே எழுதுவதுபோல, "எனக்குப் பறவாயில்லை, நீ கவலைப்படாதே" என்று தட்டி அனுப்பிவிட்டாள். அனுப்பிய சூட்டோடு மகள் கூப்பிட்டாள். "அம்மா, உயிரே போனாலும் அப்பா பரவாயில்லைக்கு வல்லின ற போட மாட்டார். இத எழுதினது யாரு?" அதிலிருந்து, அப்பா பெயரில் எழுத்தாக வரும் எதையும் அவள் நம்புவதில்லை.

தட்டச்சு செய்ததைப் படித்துக்காட்டும் வசதி போனிலேயே இருந்தது. அதையும் பார்த்தோம். யாரோ ஒரு ஆண்பிள்ளை, ழகரமெல்லாம் கணீரென்று உருள, "மகளே, வழக்கம்போல் நலமாக இருக்கிறேன்" என்றார். "யாரோ செய்தி வாசிக்கிறாங்க. எங்கப்பா எங்க?" என்று அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். தம்பி போனை மேஜை இழுப்பறைக்குள் போட்டுச் சாத்தினான். வீடியோவில் முகத்தையாவது காட்டேன்டா என்றால், கழுத்தை மகளுக்குக் காட்ட மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றான்.

கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மாவிடம் அறிவித்துவிட்டாள். "அவர் எப்படி இருக்கார்னு யாரும் எங்கிட்ட உண்மையச் சொல்றதில்ல. இன்னும் ஒரு வாரம் பாப்பேன். அடுத்த திங்கக்கிழமை படிப்ப விட்டுட்டேன்னு காலேஜ்ல எழுதிக் குடுத்துட்டுக் கிளம்பி வர்றேன்." கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகிற நேரத்தில் தட்டைக் கவிழ்க்கிறாள். தம்பி பலகையை எடுத்து, "அவள் வரக் கூடாது. அதை நான் சொல்ல வேண்டும்." என்று எழுதினான். எழுதியதை அவனே அழித்தான்.

சனிக்கிழமை காலை, என்னிடம் கார் பழகும் பல் டாக்டர், பின்னால் எடுக்கிறேன் பேர்வழி என்று என் ஷெட் கதவில் வண்டியை இடித்தார். "கண்ணாடி எதுக்கு வெச்சிருக்காங்க, தலை சீவவா?" என்று நான் பிடித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே அலமாரியிலிருந்து ஒரு பெட்டி சரிந்து விழுந்தது. அதற்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது எங்கள் பழைய வீட்டுக் கம்ப்யூட்டர். விசைப்பலகையும் கம்ப்யூட்டரும் ஒரே உடம்பு. டிவியில் செருகினால் படம் வரும். ஃப்ளாப்பி போடப் பக்கவாட்டில் ஒரு வாய். பல் டாக்டரே முகம் சுளிக்கிற அளவுக்கு மஞ்சளாகியிருந்தது. கூடவே இரண்டு ஃப்ளாப்பிகள். தம்பியின் முத்து முத்தான கையெழுத்தில், 'என் குரல் 1', 'என் குரல் 2'.

எனக்குத் திட்டு நின்றுபோனது. டாக்டர் அதைக் கண்டுதான் உண்மையில் பயந்தார். "மேடம், கதவு..." என்றார். "கதவு கெடக்கட்டும். நீங்க வீட்டுக்கு நடந்து போங்க" என்று சாவியை வாங்கிக்கொண்டு, பெட்டியோடு தம்பி வீட்டுக்கு வண்டியை விட்டேன்.

கதை இதுதான். கல்லூரிக் காலத்தில் அந்த இயந்திரத்தைத் தமிழ் பேசவைக்கிறேன் என்று தம்பி ஒரு விடுமுறை முழுக்கத் துணி அலமாரிக்குள் மைக்கோடு உட்கார்ந்திருந்தான். அ, ஆ முதல் ஒவ்வோர் எழுத்தையும் தன் குரலில் சொல்லிப் பதிவு செய்தான். தட்டச்சு செய்தால் போதும், இயந்திரம் எழுத்து எழுத்தாக எடுத்துக் கோத்துப் பேசும். கல்யாண வீடியோவிலும் அவன் குரல் இருக்கிறது. ஆனால் அது அன்றைக்குச் சொன்ன "சாப்பிட்டுட்டுப் போங்க"வையேதான் என்றைக்கும் சொல்லும். இது மட்டும்தான் அவன் இன்னும் சொல்லாததையும் அவன் குரலில் சொல்லும்.

ழகரம் வந்தபோது அலமாரிக் கதவைத் திறந்து, "நீயே சொல்லிடுக்கா" என்றான். முதல் ஃப்ளாப்பி அதற்குள் நிறைந்துவிட்டது. ஆகவே 'என் குரல் 2' என்று எழுதியிருந்தாலும் அதில் இருப்பது என் குரல்தான். ழ, ழா, ழி என்று ஒவ்வொன்றையும் மேடைப் பேச்சு மாதிரி இழுத்து முழக்கியிருந்தேன்.

பெட்டியைப் பார்த்ததும் தம்பி அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். மகளின் அறையில் கிடந்த பழைய டிவியைத் துடைத்தான், ஃப்ளாப்பி வாயைப் பஞ்சால் ஒற்றியெடுத்தான், சுவிட்சைப் போட்டான். இயந்திரம் கொஞ்சம் யோசித்தது. பிறகு கடகடவென்று உறுமிக்கொண்டு, திரையில் ஒவ்வொரு வரியாகத் தன் காலைக் கடமைகளைச் செய்யத் தொடங்கியது. தம்பி மனைவி கரண்டியோடு ஓடிவந்து நின்றாள்.

அவன் தட்டினான். இயந்திரம் பேசியது. "நா..." கடகட. "ன்..." கடகட. "இ..." இருபது வயதுக் குரல். அவனேதான். ஆனால் ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே ஃப்ளாப்பி சுற்றி முடிவதற்குள் ஓர் ஆள் கொட்டாவி விட்டு முடிக்கலாம். கிளட்சை விடத் தெரியாதவன் வண்டி மாதிரி ஒவ்வொரு அடிக்கும் குலுங்கி நின்றது. "இப்படிப் பேசினா லைன் கட்டாயிடுச்சுன்னு நெனச்சு வெச்சுடுவா" என்றேன்.

பலகையில் அவன் எழுதினான். "மெமரி போதவில்லை. கேஷ் பெரிதாக வேண்டும்."

"கேஷா? ரொக்கமா கேக்குது இது?"

அவன் தலையில் அடித்துக்கொண்டு விளக்கினான். ஃப்ளாப்பியிலிருந்து ஒருமுறை எடுத்த எழுத்தைத் திரும்பப் போய்த் தேடாமல் மெமரியிலேயே பக்கத்தில் வைத்துக்கொள்வதாம். எனக்குப் புரிந்துவிட்டது. தினமும் வேண்டிய உப்பு டப்பா அடுப்புப் பக்கத்தில், விருந்தாளி வந்தால் எடுக்கிற தட்டு ஸ்டூல் போட்டு ஏறும் மேல் அலமாரியில். இவன் இயந்திரம் உப்புக்கும் ஸ்டூல் போட்டு ஏறிக்கொண்டிருந்தது. காரணம், அடுப்புப் பக்கத்து இடத்தையெல்லாம் வேறு சாமான்கள் அடைத்துக்கொண்டிருந்தன. இயந்திரம் விழிக்கும்போதே ஒரு படை சின்னச் சின்ன வேலைக்காரர்கள் மெமரியில் வந்து சப்பணமிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

"பேசாம நீ சொல்ல வேண்டியத முன்னாடியே பதிவு பண்ணி வெச்சுக்கோயேன்" என்றேன்.

"அவ கேள்வி கேப்பா அண்ணி" என்றாள் தம்பி மனைவி. "டக்குன்னு பதில் வரலன்னா நம்ப மாட்டா."

ஆகவே படையைக் குறைக்க வேண்டியதாயிற்று. நான் நீதிபதி, அவன் வக்கீல். திரை மூலையில் ஒரு கடிகாரம் ஓடியது, அதன் பேட்டரி செத்து எத்தனையோ காலம், தூக்கினோம். அம்புக்குறியைக் குட்டிக் கையாக மாற்றுகிற ஒன்று, தூக்கினோம். சும்மா இருந்தால் திரையை இருட்டாக்குகிற ஒன்றும் போனது. வைரஸ் காவலாளிக்காக அவன் கொஞ்சம் வாதாடினான். "பெட்டியில மூடி முப்பது வருஷம் ஷெட்டுல போட்டிருந்தேன். எந்தக் கிருமி வந்து ஒட்டப்போகுது?" என்றதும் அதையும் விட்டான். திரையில் தமிழ் எழுத்தைக் காட்டும் எழுத்துருவைத் தொடப்போனபோது கையைத் தட்டிவிட்டான். "எழுதுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். பிழை இருந்தால்?" என்று எழுதினான். போனில் கேட்கப்போகிறவளுக்கு எழுத்துப் பிழை எப்படித் தெரியும் என்று கேட்டுப் பயனில்லை. ஆனையை அடக்கலாம், பிழை திருத்துபவனை அடக்க முடியாது.

மறுபடி சுவிட்சைப் போட்டோம். முன்னைவிடப் பரவாயில்லை. இரண்டு மூன்று எழுத்து சேர்ந்தாற்போல் வந்தது, பிறகு கடகட. அவன் வேகமாகத் தட்டினான். இயந்திரம் ஆண்குரலில் "கி" என்றது. உடனே ஒரு சின்னப் பெண்குரல் "ழ" என்று இழுத்து முழங்கியது. மறுபடி ஆண்குரலில் "வி".

தம்பி மனைவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "நடுவுல யாரு அது?"

"நான்தான்."

"உங்களுக்கு இப்படி ஒரு குரல் இருந்துச்சா அண்ணி!" என்று வாயைப் பிளந்தாள். பிறகு சிரிப்பு மெல்ல வடிந்து கணவன் பக்கம் திரும்பினாள். "இது வேணாங்க. அவ இதக் கேட்டா நாமெல்லாம் சேர்ந்து மறுபடியும் ஏதோ ஒட்டுப்போடுறோம்னுதான் நெனப்பா. நீங்க என்னிக்கு அவள இவ்வளவு திருத்தமாக் கூப்பிட்டிருக்கீங்க?"

அப்போதுதான் அவன் இன்னொன்றையும் தயங்கித் தயங்கி எழுதினான். மிச்சமிருக்கும் படையில் ரொம்பப் பருத்தது என் ழகரம்தான். ஃப்ளாப்பி வாய் ஒன்றுதானே, பேச்சுக்கு நடுவே ஃப்ளாப்பியை மாற்ற முடியாது. அதனால் தொடங்கும்போதே இரண்டாவது ஃப்ளாப்பியை முழுசாக மெமரியில் ஏற்றிவிடும்படி அன்றைக்கு அமைத்திருந்தான். நான் இழுத்த இழுப்புக்கெல்லாம் இடம் பிடித்துக்கொண்டு அது அசையாமல் உட்கார்ந்திருந்தது.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஆக, வீட்டுலயே சரியாப் பேசத் தெரிஞ்சவ நான் ஒருத்தி. நான்தான் இப்ப எடஞ்சலா?" என்று வெளியே போய்க் காருக்குள் உட்கார்ந்தேன். ஹாரனை ஒருமுறை அடித்தேன், மனம் ஆறவில்லை. உண்மையில் கோபம் அதில் இல்லை. ஓட்டப் பழகுகிறவர்களிடம் கத்திக் கத்தி என் குரல் தகரமாகிப் பல வருடம் ஆகிறது. அந்தப் பெண்ணின் குரலை இன்றைக்குத்தான் திரும்பக் கேட்டேன். அது எனக்குப் பிடித்திருந்தது. வைத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஆனால் தம்பி மகளுக்கு அது அப்பா இல்லை.

உள்ளே போனேன். "அந்த ரெண்டாவத எடுத்துடுடா. ழ வர்ற எடத்துலயெல்லாம் உன் ளகரத்தப் போட்டுக்கோ."

அவன் மாட்டேன் என்று தலையாட்டினான். பலகையை இழுத்து வேகமாக எழுதினான். "நான் சரியாகப் பேசும் ஒரே இடம் இதுதான் அக்கா. மகளிடம் தப்பாகப் பேசுவதா?"

"நீ தப்பாப் பேசித்தான்டா அவ வளந்தா. உன்ன மாதிரி எழுத இன்னொருத்தர் இல்ல, உன்ன மாதிரி உளறவும் இன்னொருத்தர் இல்ல. எழுத்துல ஒரு பிழை இருந்ததால அது நீ இல்லன்னு கண்டுபிடிச்சா. பேச்சுல பிழை இல்லன்னா?"

அவன் அசையவில்லை. எனக்குப் பொறுமை கிடையாது என்பது ஊரறிந்தது. ஆனாலும் அன்றைக்கு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"கிளவின்னா என்னடா அர்த்தம்?"

நிமிர்ந்து பார்த்தான்.

"சொல்னு அர்த்தம். நீதானே சொன்ன? அகராதியிலயே இருக்குன்ன. அகராதியில இருக்கறது எப்படிடா தப்பாகும்?"

பலகையை ஒதுக்கிவைத்தான். பிறகு இயந்திரத்தின் காலைக் கடமை வரிகளைத் திரையில் வரவைத்து, என் ழகரத்தை ஏற்றும் வரிக்கு மேல் விரலை வைத்து, என்னைப் பார்த்தான். "அழுத்துடா" என்றேன். அழுத்தினான். வரி போனது. அந்த இடத்தில், ழ வந்தால் ள சொல்லும்படி இன்னொன்றை எழுதினான். ஃப்ளாப்பியை மட்டும் அழிக்காமல் உறைக்குள் பத்திரமாகப் போட்டு என் கையில் கொடுத்தான்.

ஞாயிறு முழுக்க ஒத்திகை. இயந்திரம் விழித்ததும், சத்தத்தைக் குறைத்து, அன்றாடம் பேசுகிற வார்த்தைகளைத் தனக்குத்தானே ஒருமுறை முணுமுணுக்கும்படி கடைசி வரியாகச் சேர்த்தான். அந்த எழுத்தெல்லாம் கேஷுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். காலியான இடத்தில் அது தாராளமாகக் கால் நீட்டியது. மாலைக்குள் பேச்சு வழுக்கிக்கொண்டு வந்தது; அங்கங்கே மட்டும் ஒரு கடகட, தொண்டையைச் செருமுவதுபோல.

போனை இழுப்பறையிலிருந்து எடுத்தோம். மணி அடித்ததும் தம்பி மனைவி அதை டிவியின் ஒலிபெருக்கிப் பக்கம் பிடித்தாள்.

"அம்மா, நாளைக்குக் காலையில போய் எழுதிக் குடுத்துடுவேன். நீ ஒண்ணும் சொல்லாத."

தம்பியின் விரல்கள் விசையில் இருந்தன. திரையில், துளியும் பிழையில்லாமல், 'கிழவி' என்று வந்தது. ஒலிபெருக்கி சொன்னது:

"கிளவி."

 தம்பி மனைவி போனை இன்னும் நெருக்கிப் பிடித்தாள். மகள் மிக மெதுவாக, "யாரு?" என்றாள்.

"அப்பா."

"பழைய ரெக்கார்டிங்கா? அம்மா, என்ன வெச்சு வெளையாடாதீங்க..."

அவன் தட்டினான். "நீ வராதே. படிப்பை முளுசா முடி."

"என்னது?"

"முளுசா."

அவள் சிரித்தாளா அழுதாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் ஒரே சத்தமாக வந்தது. "முளுசாவா?" என்றாள். "முளுசாவாப்பா?" திரையில் ழகரம் ழகரமாகவே நின்றது, காதுக்கு மட்டும் அது அவன். "ஒளுங்கா சாப்பிடுறியா?" என்று கேட்டான். "மள பெய்யுதா அங்கே?" என்று கேட்டான். வேண்டுமென்றே ழகரமாகப் பொறுக்கிப் போடுகிறான், படுபாவி. அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். கல்லூரியில் வரைந்துகொண்டிருக்கும் நூலகத்தைப் பற்றிச் சொன்னாள், அதற்குப் படிக்கட்டு எங்கே வைப்பது என்று தெரியவில்லை என்றாள். அவன், "அவசரப்படாதே. உக்காந்து யோசி" என்றான். அவள் சின்ன வயதிலிருந்து கேட்டுச் சலித்த வாக்கியம் அது.

"அத்தை, அங்க இருக்கீங்களா? இதுல உங்க கைவரிசை ஏதும் இல்லையே?"

"என் குரல் கொஞ்சம் இருந்துச்சு" என்றேன். "எடுத்துட்டோம்."

"நான் லீவுக்கே வர்றேன்ப்பா" என்றாள் கடைசியில். "ஆனா வாரா வாரம் நீங்கதான் பேசணும். அம்மா போன எடுத்தா வெச்சுடுவேன்."

போன் வைத்த பிறகு தம்பி மனைவி அங்கேயே தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவன் விசைப்பலகையை விட்டுக் கையை எடுக்கவில்லை. ஏதோ தட்டினான். இதில் சில எழுத்துகள் கேஷில் இல்லைபோல. ஃப்ளாப்பி கடகடவென்று நிதானமாகத் தேடியது.

"அக்கா... இப்ப... சரியா... சொன்னேனா?"

அதே குரல்தான். சுவரோரம் நின்று என் முகத்தையே பார்த்துக் கேட்ட அதே கேள்வி. இத்தனை வருடம் இதற்கு நான் ஒரே பதில்தான் சொல்லியிருக்கிறேன். வாயைத் திறந்தால் தகரக் குரலும் வரவில்லை, எந்தக் குரலும் வரவில்லை. அவன் முன்னால் கிடந்த வெள்ளைப் பலகையை எடுத்து, 'சரி' என்று எழுதிக் காட்டினேன்.

அவன் பேனாவை வாங்கி, அதற்குப் பக்கத்தில் ஒரு முற்றுப்புள்ளி வைத்தான்.